ஒரு வாய்தானே! சாப்பிட மறுக்கும் பிள்ளையும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு திரியும் வீடும்: ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு ஆரம்பித்து எட்டே காலுக்கு முடியும். மூத்தவனுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. கையில் கிண்ணத்தோடு நான், பின்னால் தண்ணீர் டம்ளரோடு என் அம்மா, அவன் முகத்துக்கு நேரே போனில் ஓடும் பாட்டு. மொட்டை மாடி, வாசல், எதிர்வீட்டுப் பூனை, மறுபடியும் மொட்டை மாடி. முதல் நாலு வாய் சட்டென்று இறங்கிவிடும். ஐந்தாவது வாய் கன்னத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். விழுங்கவும் மாட்டான், துப்பவும் மாட்டான். ஒருநாள் அவன் தூங்கி அரை மணி நேரம் கழித்து வாயோரம் ஒழுகியதைத் துடைக்கப் போனேன். கன்னத்துக்குள் பருப்புச் சாதம் அப்படியே இருந்தது. விரலால் வழித்து எடுத்து முடிக்கும் வரை என் கை நடுங்கியது.

அன்றைக்குத்தான் இதை வேறு மாதிரி செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தோம். இப்போது அவனுக்கு ஐந்து வயது, தங்கைக்கு இரண்டரை. இருவரும் எல்லாக் காயையும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்று சொன்னால் அது பொய். ஆனால் சாப்பாடு இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடிகிறது. யாரும் அழுவதில்லை, நான் உட்பட. என்ன வரிசையில் செய்தோமோ அதே வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். இது ஒரு வயதிலிருந்து நாலு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. ஆறாம் மாதத்தில் முதல் உணவு தொடங்குவது தனிக் கதை, அதற்குள் நான் போகவில்லை.

முதலில் எடை, அப்புறம் கவலை

"பிள்ளை சாப்பிடவே மாட்டேங்கிறான்" என்பது புகார். அது உண்மையா என்பதை எடை மெஷின்தான் சொல்ல வேண்டும். தடுப்பூசி போடப் போகும்போது கொடுக்கும் தாய் சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்கள். பின்பக்கங்களில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் வளர்ச்சிக் கோட்டுப் படம் இருக்கும். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. பல வீடுகளில் அதில் மூன்றாவது புள்ளிக்குப் பிறகு யாரும் வைத்திருக்க மாட்டார்கள். எங்கள் அட்டையும் அப்படித்தான் கிடந்தது.

பக்கத்து அங்கன்வாடியில் எடை போட்டுப் புள்ளி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே மெஷினில், ஏறக்குறைய அதே மாதிரி உடுப்போடு இன்னொரு புள்ளி. ஒரு புள்ளியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கோடு மேலே போகிறதா, படுத்துவிட்டதா என்பதுதான் முக்கியம். பக்கத்துவீட்டுப் பிள்ளை கொழுகொழு என்று இருப்பதற்கு இந்தப் படத்தில் இடமே கிடையாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இது முன்பே தெரிந்திருந்தால் பாதி மொட்டை மாடி நடையை மிச்சப்படுத்தியிருப்பேன். மூன்று கிலோவில் பிறக்கும் பிள்ளை முதல் பிறந்தநாளில் சுமார் ஒன்பது கிலோ இருக்கும். ஒரே வருடத்தில் ஆறு கிலோ. அடுத்த வருடம் முழுக்கச் சேர்த்து ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் கூடவே குறையும். "பத்து மாசத்துல ஒரு கிண்ணம் சாப்பிட்டானே, இப்ப அரைக் கிண்ணம் போக மாட்டேங்குதே" என்று எல்லா அம்மாக்களும் ஒன்றரை வயதில் புலம்புவது இதனால்தான். கண் பட்டதும் இல்லை, மாந்தமும் இல்லை. உப்பு மிளகாய் சுற்றிப் போடுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை, எங்கள் வீட்டிலும் சுற்றுகிறார்கள்.

மூன்று நாள் குறிப்பு

எடை சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுத்த வேலை, மூன்று நாளைக்குப் பிள்ளையின் வாய்க்குள் போன அத்தனையையும் எழுதுவது. ஆளாளுக்குக் கொடுத்தது, கடைக்காரர் கொடுத்தது, எல்லாம். நாட்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் நான் எழுதிய ஒருநாள் கணக்கு இது:

காலை 7, பால் 200 மில்லி. 8.30, இட்லி பாதி. 9.15, பிஸ்கட் 3 (ஆச்சி, அதாவது என் அம்மா). 11, பால் 200. 12.30, சாதம், சண்டை. 1.30, தூங்க வைக்கப் பால் 200. 4 மணி, கப் கேக் (தாத்தா). 5, டீயில் தொட்ட பிஸ்கட் 2. 6, பால் 150. 7, சாதம், பெரிய சண்டை. 9, "ஒன்றுமே சாப்பிடலையே" என்று பால் 200.

கூட்டிப் பார்த்தேன். பால் மட்டும் 950 மில்லி. சர்க்கரையை விட்டுவிட்டாலும் அதிலேயே அறுநூறு கலோரி வந்துவிடுகிறது. அந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவையே ஏறக்குறைய ஆயிரம்தான். மீதியைப் பிஸ்கட்டும் கேக்கும் நிரப்பிவிட்டன. சோற்றுக்கு வயிற்றில் இடமே இல்லை. அவன் அடம் பிடிக்கவில்லை, நிஜமாகவே பசிக்கவில்லை. நாங்கள்தான் பசியில்லாத பிள்ளையை ஊர் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தோம்.

உங்கள் குறிப்பில் பால் இல்லாமல் வேறு ஏதாவது இருக்கலாம்: முறுக்கு, ஜூஸ், நாள் முழுக்கக் கையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட், அல்லது ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு வாய். எழுதினால்தான் தெரியும். மனதில் வைத்துக்கொள்கிறேன் என்றால் அந்த மூன்று பிஸ்கட் கணக்கில் வராது.

பாலைக் குறைப்பது

ஒரு வயதுக்கு மேல் மாட்டுப் பால் ஒரு நாளைக்கு 400 முதல் 500 மில்லி போதும். தயிரும் மோரும் இந்தக் கணக்கிலேயே சேரும். அதற்கு மேல் போனால் பசி மட்டும் கெடுவதில்லை. பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. அதிலுள்ள கால்சியம் மற்ற உணவிலிருந்து இரும்பு உடம்பில் சேர்வதையும் தடுக்கும். பாலிலேயே வளரும் பிள்ளைகள் கொழுகொழு என்று வெளுத்துப்போய் இருப்பார்கள். அந்த வெளுப்பை நிறம் என்று நினைத்து நாம் பூரித்துப் போவோம். ரத்தசோகை வந்தால் பசி இன்னும் குறையும், குறைந்தால் இன்னும் பால் கொடுப்போம். இந்தச் சுழலை எங்காவது வெட்ட வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பேருக்கு, அதாவது 67 சதவீதத்துக்கு ரத்தசோகை இருந்தது. ஏழை வீட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாத எண்ணிக்கை இது.

நாங்கள் செய்த விதம்: முதலில் பதினொரு மணிப் பாலை நிறுத்தினோம், ஏனென்றால் மதியச் சோற்றைக் கெடுத்தது அதுதான். நாலு நாள் கழித்து ஆறு மணிப் பால். அப்புறம் தூங்க வைக்கும் பால். அதுதான் கஷ்டம், ஏனென்றால் பாட்டில். பாட்டிலை டம்ளருக்கு மாற்றியதும் பாலின் அளவு தானாகவே பாதியானது; டம்ளரில் குடித்துக்கொண்டே யாராலும் தூங்க முடியாது. மதியத் தூக்கத்துக்கு நாலு நாள் அழுதான். ஐந்தாம் நாள் என் மனைவியின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கினான். காலையில் 200, இரவு 150 என்று நின்றது. இரவுப் பாலுக்குப் பிறகு பல் துலக்கியாக வேண்டும்.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை என்றால் நிறுத்த வேண்டாம், இரண்டு வயது வரைக்கும் அதற்கு மேலும் கொடுக்கலாம். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுப்பதைச் சாப்பாட்டுக்குப் பின்னால் மாற்றினால் போதும்.

பாலில் கலக்கும் சாக்லேட் மாவு பற்றி ஒரு வார்த்தை. 2024 ஏப்ரலில் மத்திய வணிகத் துறை, இந்த வகைப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைக்கக் கூடாது என்று இணையக் கடைகளுக்கு அறிவுறுத்தியது. டப்பாவைத் திருப்பிச் சர்க்கரை எவ்வளவு என்று ஒருமுறை படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நாங்கள் தீர்ந்த டப்பாவைத் திரும்ப வாங்கவில்லை, அவ்வளவுதான்.

மணிக் கணக்கு

பசி வர இடைவெளி வேண்டும். ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மணி நேரம். எங்கள் வீட்டு நேரம் இப்படி: காலை 8, பத்தரை, மதியம் 12.45, நாலு மணி, இரவு 7.15. இதில் மூன்று சாப்பாடு, இரண்டு சிறு தீனி. நடுவில் தண்ணீர் மட்டும். இதுதான் இந்த வழிகாட்டியிலேயே எளிதானதும், வீட்டில் நாலு பேர் இருந்தால் மிகக் கடினமானதும்.

சிறு தீனி என்றால் தீனிப் பொட்டலம் இல்லை. வாழைப்பழம், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, அவித்த முட்டை பாதி, நன்றாகக் குழைய வேகவைத்து மசித்த சுண்டல், ஒரு சின்னக் கேழ்வரகு அடை. எங்கள் பக்கத்தில் உளுந்தங்களி உண்டு. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டியதில் ஒரு நெல்லிக்காய் அளவு கொடுத்தால் நாலு மணிப் பசி அடங்கும், ஏழு மணிப் பசி கெடாது.

மதியச் சாப்பாட்டைத் தூக்கத்துக்கு ஒட்டி வைக்காதீர்கள். கண் சொருகும் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதும் கன்னத்தில் சோறு அடைவதும் ஒன்றுதான். இரவும் அப்படியே. பெரியவர்கள் சாப்பிடும் எட்டரை, ஒன்பது மணி பிள்ளைகளுக்கு நடு இரவு. நாங்கள் பிள்ளைகளுக்காக எங்கள் சாப்பாட்டையே ஏழே காலுக்கு இழுத்தோம். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது எனக்கு அசிடிட்டி மாத்திரை தேவைப்படுவதில்லை, அது எதிர்பாராத லாபம்.

இடம்: பாய், தட்டு, நாம்

ஒரே இடம். கூடத்தில் ஒரு மூலை, ஒரு பாய், அதன்மேல் துடைக்க வசதியாக ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. பாயை விரித்தால் சாப்பாடு, சுருட்டினால் முடிந்தது. எழுந்து ஓடினால் துரத்த வேண்டாம். ஒருமுறை கூப்பிடலாம். வராவிட்டால் தட்டு பாயிலேயே இருக்கட்டும், தட்டு பிள்ளையைத் தேடிப் போகக் கூடாது. பெரியவர்களில் ஒருவராவது கூட உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். தனியாக உட்கார வைத்து நாலு பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கே இறங்காது.

போன். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேச வேண்டும். "அந்தக் காலத்துல நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டலையா, இப்ப போனைக் காட்டுறோம், ரெண்டும் ஒண்ணுதானே" என்று என் அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான். பராக்குக் காட்டி வாயைத் திறக்க வைப்பது என்ற அளவில் இரண்டும் ஒன்றே. காக்காவும் பூச்சாண்டியும் அப்படித்தான். ஆனால் நிலாவைக் காட்ட ஒரு ஆள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளை அந்த ஆளின் முகத்தைப் பார்க்கிறது, வாயைப் பார்க்கிறது, நடுவில் தலையைத் திருப்பி "போதும்" என்றும் சொல்கிறது. போனுக்கு முன்னால் அது நடக்காது. வாய் தானாகத் திறக்கும், என்ன உள்ளே போகிறது என்றே தெரியாது. வயிறு நிறைந்ததும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது, ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள். எங்கள் வீட்டில் அந்த ஒரு மணி நேரம் முழுவதையும் சோற்றுக்கே செலவழித்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்று முயன்றோம், நடக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு மொத்தமாக நிறுத்தினோம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீடு இரண்டானது. சனிக்கிழமை மதியம் அவன் சாப்பிட்டது மூன்று வாய் தயிர்ச் சாதம். செவ்வாய்க்கிழமைக்குள் போனைக் கேட்பதை நிறுத்திவிட்டான். எங்களுக்குத்தான் இரண்டு வாரம் ஆனது; போன் எங்கள் கையிலும் இருக்கக் கூடாதே.

தட்டில் எவ்வளவு

நம் கண்ணுக்கு மிகக் குறைவாகத் தெரிய வேண்டும். ஆரம்பத்துக்கு, வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு கரண்டி சாதம், இரண்டு கரண்டி பருப்பு, இரண்டு கரண்டி காய். முடிந்தால் மறுபடி கேட்கட்டும். கேட்டு வாங்கிச் சாப்பிடுவதில் பிள்ளைகளுக்கு ஒரு மிடுக்கு வரும். குவித்து வைத்த தட்டு பார்த்தவுடனே தோற்கடித்துவிடும்.

சின்ன வயிறு என்பதால் போடுகிற கொஞ்சத்தில் சத்து இருக்க வேண்டும். இங்கே என் அம்மாவோடு எனக்கு இன்னும் தீராத வழக்கு, ரசம் சாதம். "ரசஞ்சோறுதான் பிள்ளைக்கு லேசா இறங்கும்." இறங்கும்தான். ஆனால் அது பெரும்பாலும் சோறும் தண்ணீரும். அதே அளவில் கட்டிப் பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்தால் வேறு கதை. காய்ச்சலுக்கு ரசம் சாதம், மற்ற நாளில் பருப்பு, முட்டை, மீன், தயிர், நிலக்கடலைச் சட்னி, இவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளையும். இரும்புக்கு முருங்கைக் கீரை, கேழ்வரகு, பயறு, அசைவம் சாப்பிடும் வீடு என்றால் ஈரல். கூடவே ஒரு துளி எலுமிச்சை, ஒரு துண்டு கொய்யா, ஒரு துண்டு நெல்லிக்காய் என்று ஏதாவது புளிப்பு. வைட்டமின் சி இருந்தால் கீரையின் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். டீ அதற்கு நேர் எதிர். பிள்ளைகளுக்கு டீ வேண்டாம், டீயில் தொட்ட பிஸ்கட்டும் வேண்டாம்.

தட்டில் எப்போதும் ஒரு பொருளாவது பிள்ளை நிச்சயம் சாப்பிடுவதாக இருக்கட்டும். மூத்தவனுக்குத் தயிர், சின்னவளுக்குத் தேங்காய்ப்பால் சொதி. பாகற்காய் வைத்த நாளிலும் தயிர் இருக்கிறது என்ற தைரியத்தில் உட்காருவான். ஆனால் தட்டில் உள்ளதற்குப் பதிலாக வேறு ஒன்றைச் செய்துகொடுக்க எழுந்து போகாதீர்கள். ஒருமுறை தோசை ஊற்றிக் கொடுத்தால், அன்றிலிருந்து வீட்டில் சோறுக்கு மதிப்பில்லை.

கை

ஒரு வயதிலிருந்தே தன் கையால் சாப்பிட விடுங்கள். ஒரு கிண்ணத்தில் நாம் ஊட்டலாம், தட்டில் கொஞ்சம் அவர்களுக்கும் இருக்கட்டும்.

சின்னவள் இட்லி சாப்பிடுவதைக் கவனித்திருக்கிறேன். முதலில் ஆள்காட்டி விரலால் நடுவில் குத்துவாள். குழி விழும். விரலை எடுத்துப் பார்ப்பாள். அந்தக் குழியில் சாம்பாரைத் தொட்டு விடுவாள், அது ஊறுவதைப் பார்ப்பாள். அப்புறம் ஓரத்தைக் கிள்ளுவாள். கிள்ளியதில் பாதி மடியில் விழும். ஒரு துணுக்கு வாய்க்குள் போகும். நாக்கால் தள்ளி வெளியே எடுத்து, அது இன்னும் இட்லிதானா என்று பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்வாள். முக்கால் இட்லிக்குப் பதினெட்டு நிமிடம். காலை நேரம், என் மனைவி ஆறே முக்கால் பஸ்ஸில் போயிருப்பாள், நான் மட்டும். "ஐயோ நேரமாகுதே" என்று கையைப் பிடித்துத் துடைத்து வாயில் திணித்துவிடத் தோன்றும். திணித்தும் இருக்கிறேன். அன்றைக்கெல்லாம் அரை இட்லிதான் போயிருக்கிறது.

சிந்தும். எறும்பு வரும். கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துவிட்டால் உதறிவிடலாம். சாதத்தைக் குழையப் பிசைந்து சின்ன உருண்டையாக உருட்டித் தட்டோரத்தில் வரிசையாக வைத்தால், ஒன்றரை வயதில் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். மூன்று வயது வரை மிக்ஸியில் அரைத்தே ஊட்டிய பிள்ளைகளுக்கு மெல்லவே தெரியாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வயதுக்குப் பிறகு அரைப்பதை நிறுத்துங்கள். கையால் மசித்தால் போதும்.

'போதும்' என்றால் போதும்

எலின் சாட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர் வகுத்த ஒரு பங்கீடு உண்டு. எதைக் கொடுப்பது, எப்போது, எங்கே என்பது பெற்றோர் வேலை. எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் வேலை. நாம் பொதுவாக இதைத் தலைகீழாகச் செய்கிறோம். எதைச் சாப்பிடுவது என்று பிள்ளையிடம் கேட்கிறோம், எவ்வளவு என்பதை நாம் முடிவு செய்கிறோம்.

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் கடினம். உதட்டை மூடிக்கொண்டால், தலையைத் திருப்பினால், தட்டைத் தள்ளினால், சோற்றைக் கன்னத்தில் அடக்கினால், அர்த்தம் ஒன்றே. "சரி, வயிறு நிறைஞ்சிடுச்சா? கை கழுவலாம்." அவ்வளவுதான். இருபத்தைந்து, முப்பது நிமிடத்தில் எப்படியும் பாயைச் சுருட்டிவிடலாம். மூன்று வாயோடு முடிந்தாலும் அடுத்த தீனி நேரம் வரைக்கும் தண்ணீர்தான். ஒருவேளை குறைந்தால் அடுத்த வேளையோ அடுத்த நாளோ ஈடு கட்டிவிடுவார்கள். ஒரு வேளையைப் பார்க்காமல் ஒரு வாரத்தைப் பாருங்கள்.

மிரட்டல் வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். லஞ்சமும் வேண்டாம் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன். "இந்தக் கீரையைச் சாப்பிட்டா சாக்லேட்" என்றால், கீரை ஒரு தண்டனை, சாக்லேட் அதற்கான கூலி என்று நாமே பாடம் நடத்திவிடுகிறோம்.

புதுக் காய்

இரண்டு வயதைத் தொட்டதும், நேற்று வரை சாப்பிட்ட பீன்ஸைக்கூட வேண்டாம் என்பார்கள். புதியதைக் கண்டு பயப்படும் பருவம் அது. கெட்ட பழக்கம் இல்லை. ஒரு காயை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து தடவைகூடத் தட்டில் பார்க்க வேண்டியிருக்கும். நாம் மூன்றாவது தடவையிலேயே "அவனுக்கு அது பிடிக்காது" என்று எழுதி மூடிவிடுகிறோம், அதுவும் அவன் காதில் விழும்படி. ஒரு துண்டு போடுங்கள், பேசாமல் இருங்கள். தொட்டாலும் முகர்ந்தாலும் நக்கிவிட்டு வைத்தாலும் அது ஒரு தடவைதான். மூத்தவன் பூசணிக்காயைப் பதினோராவது முறை வாயில் வைத்தான், துப்பினான். அடுத்த மாதம் கூட்டாஞ்சோற்றுக்குள் இருந்ததைத் தெரிந்தே சாப்பிட்டான். கத்தரிக்காய் இன்னும் எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

காய் ஆய உட்கார வையுங்கள். முருங்கைக் கீரை உருவுவது இரண்டரை வயதுக் கைக்குச் சரியான வேலை.

ஆச்சி

வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. ஆனால் நம் வீடுகளில் மேலே சொன்ன அத்தனையும் இங்கேதான் நிற்கும் அல்லது விழும்.

"எல, பிள்ளை வத்தலாட்டம் கெடக்கான். நீ என்னடான்னா மணி பாத்துச் சோறு போடுத. நாங்கள்லாம் அஞ்சு பிள்ளை வளக்கலையா?"

"நீ வளத்ததுதாம்மா நான். ரெண்டு மாசம் பாப்போம். எடை ஏறலைன்னா உன் இஷ்டம்."

இது நான் சண்டை போட்டுத் தோற்று, மூன்றாவது முயற்சியில் கண்டுபிடித்த பதில். வாதத்தை அட்டைக்கு மாற்றிவிட்டேன். அதோடு அம்மாவை அங்கன்வாடிக்கு நானே கூட்டிப்போனேன். அங்கே பணியாளர் படத்தைக் காட்டி, "பச்சையிலதாம்மா இருக்கான், நல்லாத்தான் இருக்கான்" என்றார். நான் நூறு முறை சொன்னதைவிட அது வேலை செய்தது.

தடுப்பதை மட்டும் செய்தால் பெரியவர்கள் ஒதுங்கிப் போவார்கள். அதனால் நாலு மணித் தீனி முழுக்க ஆச்சியின் கையில். என்ன கொடுப்பது என்பதும் அவர் இஷ்டம், பாக்கெட் மட்டும் கூடாது. உளுந்தங்களி எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது அப்படித்தான். தாத்தாவுக்குக் கடையிலிருந்து வாங்கி வராமல் இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று ஒப்பந்தம். சிலசமயம் புதன்கிழமையும் ஞாயிறாகிவிடும். பார்த்தும் பார்க்காமல் இருந்துவிடுவேன்.

தொண்டையில் சிக்கினால்

சாப்பிடும்போது உட்கார்ந்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டோ, படுத்துக்கொண்டோ, சிரிக்க வைத்துக்கொண்டோ சாப்பாடு கூடாது. முழு நிலக்கடலை, முந்திரி, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய், விதையோடு சப்போட்டா, சீத்தாப்பழம், இவை நாலு, ஐந்து வயது வரைக்கும் வேண்டாம். கடலையைப் பொடித்தோ அரைத்தோ கொடுக்கலாம், திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டலாம்.

இருமுகிறது, சத்தம் வருகிறது என்றால் இரும விடுங்கள். சத்தமே வராமல், மூச்சு விட முடியாமல் திணறினால்தான் அடைப்பு. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை முன்னால் குனிய வைத்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கி ஐந்து தட்டு. வராவிட்டால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவில் கைமுஷ்டியால் உள்ளேயும் மேலேயும் ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். மயங்கிவிட்டால் தரையில் கிடத்தி, போனில் அவர்கள் சொல்வதைச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் இதை ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு நாட்கள்

மேலே உள்ள கணக்கெல்லாம் அன்றைக்கு விடுமுறை. கேட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வயிற்றுப்போக்கு என்றால் ஓஆர்எஸ் முக்கியம்; பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுசாகக் கலக்க வேண்டும், ஒரு டம்ளரில் கால் பொட்டலம் என்று கண் மதிப்பில் போடக் கூடாது. கூடவே 14 நாள் துத்தநாக மாத்திரை. போக்கு மூன்றாம் நாளே நின்றாலும் முழுசாகக் கொடுக்க வேண்டும். பட்டினி போட வேண்டாம். உடம்பு தேறியதும் பயங்கரப் பசி எடுக்கும், இரண்டு வாரத்துக்கு ஒருவேளை கூடுதலாகக் கொடுத்து ஈடு கட்டிக்கொள்ளலாம்.

டாக்டரிடம் எப்போது

எடைக் கோடு இரண்டு, மூன்று மாதமாகப் படுத்தே கிடந்தால், அல்லது இறங்கினால். மண், சுண்ணாம்பு, சாக்பீஸ் தின்றால், உள்ளங்கை வெளுத்திருந்தால் ரத்தம் பரிசோதிக்க வேண்டும். மெல்லும் உணவு எதைக் கொடுத்தாலும் குமட்டினால். மலச்சிக்கலையும் மறந்துவிடாதீர்கள், நாலு நாளைக்கு ஒருமுறை கல் மாதிரி போகும் பிள்ளைக்குப் பசி எங்கிருந்து வரும்? பால் அதிகமானால் இதுவும் கூட வரும்.

எங்களுக்கு ஒரு டாக்டர் இரண்டே நிமிடத்தில் பசிக்கு டானிக் எழுதிக் கொடுத்தார். எடையும் போடவில்லை, எவ்வளவு பால் என்றும் கேட்கவில்லை. அந்த மருந்தில் இருந்தது சிப்ரோஹெப்டடின், அது ஒவ்வாமைக்கான மருந்து. தூக்கமும் பசியும் அதன் பக்க விளைவுகள். தேவைப்படும் பிள்ளைகள் இருக்கலாம். ஆனால் 950 மில்லி பால் குடிக்கும் பிள்ளைக்கு அது மருந்து இல்லை. பக்கத்துவீட்டுக்காரர் சொன்னார் என்று மருந்துக்கடையில் நேரே வாங்கிக் கொடுக்கவே வேண்டாம்.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை அரசாங்கம் இலவசமாகத் தரும் இரும்பு சிரப் ஒன்று உண்டு, வாரத்துக்கு இரண்டு முறை 1 மில்லி. பூச்சி மாத்திரை வருடத்துக்கு இரண்டு முறை, ஒரு வயதிலிருந்து. இரண்டையும் அங்கன்வாடியிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள். கேட்காததால் விட்டுப்போன வீடுகள் நிறைய.

கடைசியாகத் தட்டில் மிஞ்சியது. அதைச் சாப்பிட்டு முடிப்பது நம் வேலை இல்லை. நான் முதல் ஒரு வருடம் எல்லா மிச்சத்தையும் வழித்துச் சாப்பிட்டு நாலு கிலோ ஏறினேன், அந்த அட்டையில் என் கோடு மட்டும் கிடுகிடு என்று மேலே போயிருக்கும். இப்போது போடும்போதே ஒரு கரண்டி குறைத்துப் போடுகிறேன்.